மல்டிஃபைபர் பட்டையில் நைலானும் அசிட்டேட்டும் மட்டும் கறைபடுவது ஏன்?

வீரவநல்லூர்த்தறி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் நெய்யும் செடிபுட்டா சேலைகளில் ஒரு தொகுதியை வெளியூர் விற்பனையாளர் ஒருவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். சேலையின் உடல் சாயம் ஏற்றாத அரைவெள்ளைப் பருத்தி. கரையும் புட்டாவும் அரக்கு நிற ஆர்ட் சில்க் நூல். கரையில் ஒரு வரி சாதாரண ஜரிகையும் உண்டு. ஆர்ட் சில்க் நூலைச் சாயம் ஏற்றிய நிலையிலேயே வெளியிலிருந்து வாங்கினோம். சேலையைக் கட்டிய ஒரு வாடிக்கையாளரின் வெள்ளை நைலான் உள்பாவாடை முதல் சலவையிலேயே சிவந்துவிட்டது என்பது புகார். ஆனால் சேலையின் பருத்தி உடலில் கறை ஏதும் இல்லை. இதுதான் எங்களுக்குப் புரியாத இடம். சாயம் இறங்குவது உண்மையானால், அடுத்திருக்கும் பருத்தியை விட்டுவிட்டு உள்பாவாடையை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்?

சலவைச் சோதனைக்குக் கொடுத்தபோது ஐஎஸ்ஓ 105-சி06, ஏ2எஸ் என்னும் 40 டிகிரிச் சலவை முறையில், ஆறு வகை இழைகளை அடுத்தடுத்து நெய்த மல்டிஃபைபர் டிடபிள்யூ பட்டையுடன் சோதித்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். நிற மாற்றம் 4–5. கறைபடுதல்: அசிட்டேட் 2–3, பருத்தி 4–5, நைலான் 3, பாலியெஸ்டர் 4, அக்ரிலிக் 4–5, கம்பளி 3–4. பருத்தியில் 4–5 வந்திருக்கும்போது சேலை தேறியதாகத்தானே கொள்ள வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் வாதிடுகிறார்கள். இந்த ஆறு எண்களையும் எப்படிப் படிப்பது என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சங்கரன்கோவில்சாயம் எழுதியது:

தம்பி, இதில் பெரிய மர்மம் இல்லை என்பது என் எண்ணம். ஆர்ட் சில்க் என்றால் விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை. விஸ்கோஸுக்கு நம் பக்கத்துப் பட்டறைகளில் ரியாக்டிவ் சாயம்தான் போடுகிறார்கள். ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பகுதி நூலோடு பிணையாமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அந்த வீணான சாயம் நூலின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முதலில் குளிர்நீரில் அலசி உப்பை வெளியேற்றி, அசிட்டிக் அமிலத்தால் காரத்தைத் தணித்து, பின்னர் கொதிநிலைக்கு அருகில் சோப்பிங் செய்தால்தான் முழுவதும் போகும். நேரத்தையும் விறகையும் மிச்சம் பிடிக்க நினைக்கும் பட்டறைகள் ஒரு கொதியோடு நிறுத்திவிடுவார்கள். அதோடு நம் பக்கம் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். கடினநீரில் சாயம் திரண்டு நூலிலேயே தங்கும், சோப்பும் வேலை செய்யாது. தாமிரபரணிக் கரையில் இருக்கும் உங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சங்கரன்கோவில் வட்டாரத்தில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். நூலை மறுபடி நன்றாகச் சோப்பிங் செய்யச் சொல்லுங்கள்.

பொருநைச்சோதனை எழுதியது:

சேரன்மகாதேவி எனக்குச் சொந்த ஊர். இப்போது திருப்பூரில் ஒரு சோதனைக்கூடத்தில் பணி. அண்ணாச்சி சொன்ன சோப்பிங் முறையில் எனக்கு மறுப்பில்லை. ரியாக்டிவ் சாயத்துக்கு அது முற்றிலும் சரி. ஆனால் இந்த அறிக்கையில் இருப்பது ரியாக்டிவ் சாயத்தின் அடையாளம் இல்லை.

வீணான ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் கரைந்து வெளியே வந்தால் அது தேடிப்போகும் முதல் இழை பருத்திதான், ஏனெனில் அந்தச் சாயம் பருத்தியிலும் விஸ்கோஸிலும் இருக்கும் செல்லுலோஸுக்காகவே உருவாக்கப்பட்டது. டைரக்ட் சாயமானாலும் அதே கதை. பருத்திப் பட்டை நன்றாகச் சிவந்திருக்கும், நைலானும் கூடச் சேர்ந்து கொஞ்சம் கறைபட்டிருக்கும், அசிட்டேட் ஏறக்குறைய வெள்ளையாகவே நின்றிருக்கும். உங்கள் அறிக்கையில் நேர்மாறாக, அசிட்டேட்டில்தான் கறை மிகுதி, அடுத்தது நைலான், பிறகு கம்பளி, பருத்தியோ தப்பிவிட்டது. அசிட்டேட்டும் நைலானும் முன்னே நிற்க, பருத்தியும் அக்ரிலிக்கும் தப்பி நிற்கும் இந்த வரிசையைப் பார்த்தவுடன் எங்கள் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட டிஸ்பர்ஸ் சாயம் என்று சொல்லிவிடுவார்கள். டிஸ்பர்ஸ் சாயம் போடுவது பாலியெஸ்டருக்கு. ஆகவே நீங்கள் வாங்கிய ஆர்ட் சில்க் விஸ்கோஸாக இருக்க வாய்ப்பில்லை. பாலியெஸ்டர் இழை நூலைத்தான் உங்களுக்குத் தந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் சங்கத்தின் வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆறு பட்டைகளுக்கும் தனித்தனியே தரம் எழுதுவது, அவற்றின் சராசரியை எடுப்பதற்காகவோ நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொள்வதற்காகவோ இல்லை. 5 என்றால் கறையே இல்லை, 1 என்றால் மிக மோசம்; இடையில் அரைத் தரங்களும் சேர்த்து மொத்தம் 9 படிகள். சாம்பல் அளவுகோலின் கறைக்கான அட்டையை, அதாவது ஐஎஸ்ஓ 105-ஏ03 அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பட்டையையும் அதன் கழுவாத நிலையோடு ஒப்பிட்டுத்தான் இந்த எண்களைத் தருகிறோம். வாடிக்கையாளர் எந்த இழையை இந்தச் சேலையோடு சேர்த்து உடுத்துவார், எதனோடு சேர்த்து ஊறவைப்பார் என்பது நமக்குத் தெரியாது. உள்பாவாடை நைலான் என்றால் நைலானின் 3 என்ற எண்தான் அவருக்குச் சேலையின் தரம். உங்கள் புகாரில் இருப்பதை உங்கள் அறிக்கை அப்படியே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறது.

மேலப்பாளையம்கைலி எழுதியது:

எனக்கு இந்த வெளிநாட்டுப் பட்டையின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எங்கள் ஊரில் கைலி நெய்த காலத்தில் நனைத்த கைலியையும் வெள்ளை வேட்டித் துண்டையும் சேர்த்துச் சுருட்டி இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் பிரித்துப் பார்ப்போம். வேட்டி வெள்ளையாக இருந்தால் சரக்கு நல்ல சரக்கு. அதில் தேறிய கைலிகள் கொழும்பு வரை போயின. ஆறு இழைகளை வரிசையாக நெய்து விற்பது சோதனைக்கூடங்களின் வியாபாரத்துக்காக என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாளைவேதியியல் எழுதியது:

பாளையங்கோட்டையில் வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். உங்கள் முறை உங்கள் சரக்குக்குப் பொருத்தமானது, அண்ணாச்சி. கைலி பருத்தி, அதன் சாயம் பருத்திக்கான சாயம், அதனோடு துவைக்கப்படும் வேட்டியும் பருத்தி. ஆகையால் அந்த வெள்ளைத் துண்டு சரியான சாட்சி. ஆனால் இந்தச் சேலையை அதே வேட்டித் துண்டோடு சுருட்டி வைத்திருந்தால், காலையில் துண்டு வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். புகாரும் வந்தே இருக்கும்.

ஒவ்வொரு இழைக்கும் ஒவ்வொரு வகைச் சாயத்தோடு உறவு. கம்பளியிலும் நைலானிலும் அமிலச் சூழலில் நேர்மின்னேற்றம் பெறும் அமைன் தொகுதிகள் இருப்பதால் எதிர்மின்னேற்றம் கொண்ட அமிலச் சாயங்கள் அங்கே போய் ஒட்டும். அக்ரிலிக்கில் எதிர்மின்னேற்ற இடங்கள் உண்டு. அங்கே பேசிக் சாயங்கள், அதாவது நேர்மின்னேற்றச் சாயங்கள், இறுகப் பிடிக்கும். பருத்தியும் விஸ்கோஸும் நீண்ட தட்டையான டைரக்ட் சாய மூலக்கூறுகளையும் ரியாக்டிவ் சாயங்களையும் ஏற்கும். டிஸ்பர்ஸ் சாயம் தண்ணீரில் நன்றாகக் கரையாதது. தண்ணீரில் இருப்பதைவிட, நீரை வெறுக்கும் இழைக்குள் கரைந்து கிடப்பதையே அது விரும்பும். 1920களில் அந்தச் சாயங்களை உருவாக்கியதே அசிட்டேட் இழைக்காகத்தான். பாலியெஸ்டர் பின்னால் வந்தது. ஆகவே அசிட்டேட் பட்டை முதலில் கறைபடுவதில் வியப்பில்லை.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழ வேண்டும். சாயம் பாலியெஸ்டருக்கு உரியது என்றால், பட்டையில் இருக்கும் பாலியெஸ்டர் ஏன் 4 என்று ஏறக்குறைய வெள்ளையாக நிற்கிறது? பாலியெஸ்டரின் உள்ளமைப்பு மிகவும் நெருக்கமானது. அது இளகிச் சாயத்தை உள்ளே விடுவதற்குச் சாயப்பட்டறையில் அழுத்தக் கலனில் ஏறத்தாழ 130 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். 40 டிகிரிச் சலவையில் அதன் கதவு மூடியே இருக்கும். அசிட்டேட்டும் நைலானும் அந்த வெப்பத்திலேயே போதிய அளவு திறந்திருக்கும் இழைகள். ஆதலால் பாலியெஸ்டர் பட்டை வெள்ளையாக இருப்பதைக் கண்டு சாயம் பாலியெஸ்டருடையது இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

மாணவர்களுக்கு இதைக் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. ஓர் அமில மஞ்சளையும் ஒரு டைரக்ட் நீலத்தையும் ஒரு பேசிக் சிவப்பையும் தனித்தனிக் குவளைகளில் கரைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுப் பட்டையைச் சூடான நீரில் போட்டு எடுத்து அலசினால், மஞ்சள் கம்பளியிலும் நைலானிலும், நீலம் பருத்தியில் மிகுதியாகவும், சிவப்பு அக்ரிலிக்கில் அழுத்தமாகவும் நிற்கும். கடையில் பெயர் எழுதாமல் விற்கும் சாயப்பொடி எந்த வகை என்று அறியவும் இதே வழிதான். இழைக்கு ஒரு நிறம் காட்டி வேறுபட்டு நின்றால் அந்தப் பொடி பல வகைச் சாயங்களின் கலவை என்று கொள்ளலாம். எல்லாத் துணிக்கும் ஏற்றது என்று விற்கப்படும் பொடிகளில் பெரும்பாலும் டைரக்ட் சாயமும் அமிலச் சாயமும் கலந்திருக்கும்.

வீரவநல்லூர்த்தறி எழுதியது:

அக்காவுக்கும் சாருக்கும் நன்றி. கரையிலிருந்து அரக்கு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டிப் பார்த்தோம். பருத்தி நூல் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. அரக்கு நூல் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான கருமணியாக நின்றது. விஸ்கோஸ் என்றால் பருத்தியைப் போலவே எரிந்திருக்க வேண்டும் என்று எங்கள் சங்கத்துப் பெரியவரே சொல்லிவிட்டார். ஆக, அது பாலியெஸ்டர்தான். விற்றவர் அதை மறைத்தாரா, கேட்காததால் சொல்லவில்லையா என்பது தனி விவகாரம். இப்போது எங்கள் கேள்வி, நெய்து முடித்த சேலைகளை மீட்க வழி உண்டா என்பதுதான்.

சங்கரன்கோவில்சாயம் எழுதியது:

கருமணி நின்றுவிட்டது என்றால் சோப்பிங் பேச்சை விட்டுவிடலாம். அதற்கு வேறு மருந்து. பாலியெஸ்டர் நூலுக்கு அடர்ந்த நிறம் ஏற்றிய பிறகு, உள்ளே போகாமல் மேலே படிந்து நிற்கும் சாயத்தை ரிடக்ஷன் கிளியரிங் செய்து நீக்க வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் காஸ்டிக் சோடா, 2 கிராம் ஹைட்ரோஸ் (சாயத்தைச் சிதைக்கும் ஒடுக்கி), 70 முதல் 80 டிகிரி, 20 நிமிடம். பிறகு அலசி, அமிலத்தில் தணிப்பது. இதில் ஒரு வசதி உண்டு. ஹைட்ரோஸ் தண்ணீரில் இருப்பதால் நீரை ஏற்காத பாலியெஸ்டரின் உள்ளே புகாது; மேலே கிடக்கும் சாயத்தை மட்டும் சிதைத்துவிட்டு, உள்ளே இருப்பதைத் தொடாமல் விட்டுவிடும். அரக்கு, கருநீலம், கருப்பு போன்ற அடர்ந்த நிறங்களுக்கு இந்த வேலையைச் செய்யாமல் நூலை அனுப்பினால் இப்படித்தான் ஆகும்.

நெய்த சேலைக்கு இதைச் செய்யலாமா என்றால், உடல் சாயமில்லாத பருத்தி என்பதால் அதற்குப் பாதகமில்லை. உடலில் ரியாக்டிவ் நிறம் இருந்திருந்தால் ஹைட்ரோஸ் அதை அழித்திருக்கும். தடையாக இருப்பது ஜரிகைதான். இப்போது வரும் சாதாரண ஜரிகை, பாலியெஸ்டர் படலத்தின்மேல் அலுமினியம் பூசி நறுக்கியது. சூடான காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும். கரை பொலிவிழந்து வெளிறிப்போகும். ஒரு சேலையின் முனையை வெட்டிச் சோதித்துப் பார்க்காமல் தொகுதி முழுவதையும் தொட்டியில் இறக்க வேண்டாம்.

பொருநைச்சோதனை எழுதியது:

அண்ணாச்சி சொன்ன ஜரிகை விவரம் மிக முக்கியமானது; சோதனைக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அது சட்டென்று நினைவுக்கு வராது. அதோடு ஒன்று சேர்க்கிறேன். டிஸ்பர்ஸ் சாயத்துக்கு வெப்பம் பகை. கிளியரிங் முடிந்து நல்ல தரத்தோடு வந்த நூலாக இருந்தாலும், நெய்த பிறகு மிகச் சூடான உருளையில் இஸ்திரி போட்டால், உள்ளே இருந்த சாயம் மெல்ல மேற்பரப்புக்கு ஊர்ந்து வரும். மேலே சிலிகான் மென்மையூட்டி பூசியிருந்தால் அது சாயத்துக்குக் கரைப்பான் போல அமைந்து இன்னும் எளிதாக இழுத்துவிடும். அதனால் நூலை வாங்கும்போது ஒரு முறையும், இஸ்திரி முடிந்த சேலையில் ஒரு முறையும் பட்டையை வைத்துச் சோதிக்க வேண்டும். இரண்டு முடிவுகளும் வேறுபட்டால் குற்றம் சாயப்பட்டறையுடையதா, இஸ்திரிக்கூடத்துடையதா என்பது தெரிந்துவிடும். பட்டறைக்காரர்கள் மேல் எல்லாப் பழியையும் போடுவது வழக்கமாகிவிட்டதால் இதைச் சொல்கிறேன்.

சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் முன் உங்கள் இடத்திலேயே ஒரு முன்சோதனை செய்து பார்க்கலாம். துணியையும் பட்டையையும் 10 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் அளவில் வெட்டி, துணியின் முகப்புப் பக்கம் பட்டையைத் தொடுமாறு வைத்து, குறுகிய ஓரம் ஒன்றில் மட்டும் தைக்க வேண்டும். ஏ2எஸ் முறையில் 150 மில்லி கரைசல், லிட்டருக்கு 4 கிராம் சோதனைச் சலவைத்தூள், 1 கிராம் சோடியம் பெர்போரேட், 10 எஃகு உருண்டைகள், 40 டிகிரி, 30 நிமிடம். கலன்களைச் சுழற்றும் இயந்திரம் இல்லாதவர்கள் மூடியுள்ள எஃகுச் சம்புடத்தை வெந்நீரில் வைத்து அடிக்கடி குலுக்கலாம். அந்த எண் அறிக்கையில் எழுதத் தகுந்ததாக இராது, ஆனால் மோசமான நூலை வாசலிலேயே அடையாளம் காட்டிவிடும். நூலாகச் சோதிப்பதென்றால் சிட்டத்திலிருந்து, அதாவது நூல் கற்றையிலிருந்து, இழைகளை எடுத்து, நெருக்கமாக இணையாக அடுக்கி, ஒரு பக்கம் பட்டையும் மறுபக்கம் சாயம் பிடிக்காத பாலிபுரொப்பிலீன் துணியும் வைத்துத் தைக்க வேண்டும்.

கடையில் வாங்கும் சலவைத்தூள் மட்டும் வேண்டாம். அதில் இருக்கும் வெண்மையூட்டி பருத்திப் பட்டையில் ஏறி நீலமாக ஒளிரும்; அந்த ஒளிர்வு இலேசான சிவப்புக் கறையை மறைத்துவிடும். தரமுறைகளில் வெண்மையூட்டி இல்லாத தூளைக் குறிப்பிடுவது அதனால்தான். சாயத்துணி இல்லாமல் வெறும் பட்டை ஒன்றையும் கூடவே துவைத்து, கறைபட்ட பட்டையை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கம்பளி துவைத்தவுடன் இயல்பாகவே கொஞ்சம் பழுப்பாகும். ஒப்பீடு இல்லாவிட்டால் அதைக் கறை என்று எண்ணிவிட நேரும். பார்க்கும் வெளிச்சமும் முக்கியம்: குழல்விளக்கின் கீழ் ஒரு தரமும் வடக்குச் சன்னலில் வேறொரு தரமும் தோன்றலாம். நாங்கள் டி65 என்னும் செயற்கைப் பகலொளியின் கீழ் பார்க்கிறோம்.

டிடபிள்யூ பட்டையில் ஒரு முனை அசிட்டேட், மறுமுனை கம்பளி. கம்பளி சற்று மங்கலான நிறமும் சொரசொரப்பும் கொண்டிருக்கும். அதைத் தொட்டு அடையாளம் கண்டுகொண்டு எதிர்முனையிலிருந்து அசிட்டேட், பருத்தி, நைலான், பாலியெஸ்டர், அக்ரிலிக் என்று எண்ணி வரலாம். 70 டிகிரிக்கும் அதற்கு மேலும் துவைத்துச் சோதிக்க வேண்டிய சரக்குக்குக் கம்பளியும் அசிட்டேட்டும் தாங்கா என்பதால், ட்ரைஅசிட்டேட்டும் விஸ்கோஸும் உள்ள டிவி என்னும் பட்டை இருக்கிறது. அமெரிக்க முறைகளில் வேறு எண்ணுள்ள பட்டைகள் வழக்கில் உள்ளன. 13 இழைகள் கொண்ட பட்டைகூட உண்டு. ஓர் அறிக்கையை மற்றோர் அறிக்கையோடு ஒப்பிடும் முன் இரண்டிலும் பட்டை ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையம்கைலி எழுதியது:

அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ஆறு இழைகளும் ஒரே கலனில் கிடந்தால் இறங்கிய சாயத்தை அவை பங்கு போட்டுக்கொள்ளாதா? வெள்ளைப் பருத்தித் துணியை மட்டும் வைத்தால் அதில் கூடுதல் கறை தெரியுமே.

பாளைவேதியியல் எழுதியது:

தெரியும். சரியான இடத்தில் கை வைத்தீர்கள். டிஸ்பர்ஸ் சாயம் இறங்கும்போது அசிட்டேட் பட்டை அதில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வதால், அதே கலனில் உள்ள நைலானுக்குக் கிடைப்பது குறையக்கூடும். தனித்த நைலான் துணியோடு சோதித்தால் வரும் எண்ணும் பட்டையில் நைலானுக்கு வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தனித்துணி முறையும் தரமுறைகளில் அனுமதிக்கப்பட்டதே. ஆனால் இரண்டு முறைகளின் முடிவுகளையும் கலந்து பேசக் கூடாது. இந்தச் சேலையின் நைலான் எண் 3 என்று வந்ததுகூட, அசிட்டேட்டுக்குப் போனது போக மீந்த சாயத்தால் வந்ததாக இருக்கலாம். முழு உள்பாவாடையும் நைலானாக இருந்தபோது வாடிக்கையாளர் கண்டது இன்னும் அடர்ந்த சிவப்பாக இருந்திருக்கும்.

பத்தமடைப்பாய் எழுதியது:

இந்த உரையாடலைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். பத்தமடையில் எங்கள் வீட்டில் கோரைப்பாய் முடைகிறோம். கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, கீறி, காயவைத்து, சாயத்தில் போட்டு எடுத்து, பருத்தி நூல் பாவில் நெய்கிறோம். முன்பு சப்பங்கட்டை என்னும் மரக்கட்டையிலிருந்து எடுக்கும் சிவப்பு. இப்போது பெரும்பாலும் கடைச்சாயம், அதுவும் கண்ணைப் பறிக்கும் ஊதாவும் பச்சையும் ரோஜா நிறமும். பாயை யாரும் வாளியில் போட்டுத் துவைப்பதில்லை. ஆனால் கோடையில் வியர்வையோடு படுத்தால் வெள்ளை உடுப்பில் நிறம் ஒட்டுகிறது என்றும், சன்னலோரம் விரித்தால் சீக்கிரம் வெளுத்துவிடுகிறது என்றும் வாங்குபவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு இந்தப் பட்டை பயன்படுமா?

பொருநைச்சோதனை எழுதியது:

முதல் புகாருக்குப் பயன்படும், அக்கா, இரண்டாவதற்குப் பயன்படாது.

வியர்வைக்கு ஐஎஸ்ஓ 105-இ04 என்று தனி முறை இருக்கிறது. லிட்டருக்கு அரை கிராம் ஹிஸ்டிடினும் 5 கிராம் உப்பும் பாஸ்பேட்டும் சேர்த்துச் செயற்கை வியர்வை தயாரித்து, ஒன்றை 5.5 என்ற அமிலநிலைக்கும் மற்றொன்றை 8 என்ற காரநிலைக்கும் கொண்டு வந்து, நனைத்த மாதிரியைப் பட்டையோடு சேர்த்து இரண்டு தகடுகளுக்கு இடையே 12.5 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், 37 டிகிரியில் 4 மணி நேரம் வைப்பார்கள். 10க்கு 4 சென்டிமீட்டர் மாதிரியின் மேல் 5 கிலோ படிக்கல் ஒன்றை நேராக வைத்தால் ஏறத்தாழ அந்த அழுத்தம் வந்துவிடும். 37 டிகிரிக்குச் சித்திரை மாதத்தில் நம் ஊரில் அடுப்பே தேவையில்லை. ஆனால் வெயிலில் மட்டும் வைக்கக் கூடாது. சாயமிட்ட கோரைத் தாள்களைப் பட்டையின் நீளவாட்டில், ஆறு இழைகளையும் தொடுமாறு அடுக்குங்கள்.

நீங்கள் சொல்லும் நிறங்களை வைத்துப் பார்த்தால் அவை பேசிக் சாயங்களாக இருக்கக்கூடும். அப்படியானால் அக்ரிலிக் பட்டை அழுத்தமாக நிறமேறும், கம்பளியிலும் கொஞ்சம் தெரியும், பருத்தியில் குறைவாகவே இருக்கும். டைரக்ட் சாயமாக இருந்தால் பருத்திப் பட்டையே காட்டிக்கொடுக்கும்.

பாளைவேதியியல் எழுதியது:

பேசிக் சாயம் கோரையில் அவ்வளவு எளிதாகப் பிடிப்பதற்குக் காரணம் கோரை வெறும் செல்லுலோஸ் இல்லை என்பது. அதில் உள்ள லிக்னின் அந்தச் சாயத்தை ஈர்க்கிறது. சணலிலும் தென்னை நாரிலும் நடப்பதும் இதுவே. நிறம் பளிச்சென்று வரும், விலையும் குறைவு. ஆனால் அதே சாயம் அக்ரிலிக்கில் இருந்தால் வெயிலைத் தாங்கும் அளவுக்குக் கோரையில் இருந்தால் தாங்காது. வெளுப்பதைப் பட்டை காட்டாது. அது சாயம் இடம் மாறுவதைக் காட்டும் கருவி, சாயம் இருந்த இடத்திலேயே அழிவதை அறிய முடியாது. அதற்கு நீலக் கம்பளி அளவுகோல் என்று 1 முதல் 8 வரை எட்டுத் துண்டுகள் உண்டு. பாயின் ஒரு பகுதியை அட்டையால் பாதி மூடி, அந்தத் துண்டுகளையும் அதேபோல் மூடி, இரண்டையும் ஒன்றாக வெயிலில் வைத்து, பாய் எந்த எண்ணுள்ள துண்டோடு சேர்ந்து வெளுக்கிறது என்று பார்ப்பார்கள்.

சப்பங்கட்டைக்குத் திரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் சிவப்பு அமிலம் பட்டால் மஞ்சளை நோக்கியும், காரம் பட்டால் கருஞ்சிவப்பை நோக்கியும் மாறும். வியர்வைச் சோதனையில் பட்டை வெள்ளையாகவே இருந்து, பாயின் நிறம் மட்டும் திட்டாக மாறியிருக்கலாம். ஆகவே பட்டையின் ஆறு எண்களோடு நிறமாற்ற எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு அளவுகோல் வேறு, ஐஎஸ்ஓ 105-ஏ02. படிகாரம் கட்டிச் சாயமேற்றினால் இரண்டு எண்களும் மேம்பட வாய்ப்புண்டு.

மேலப்பாளையம்கைலி எழுதியது:

தடைசெய்யப்பட்ட சாயம் என்று ஏற்றுமதிக்காரர்கள் பேசுகிறார்களே, அதையும் இந்தப் பட்டை காட்டுமா?

பொருநைச்சோதனை எழுதியது:

காட்டாது. சில அசோ சாயங்கள் சிதைந்து புற்றுநோய் விளைவிக்கும் அமைன்களைத் தரும் என்பதால் இந்தியாவில் 1997இல் அவற்றுக்குத் தடை வந்தது. சாயம் கறைபடுத்துகிறதா என்று பார்க்கும் ஒட்டுறுதிச் சோதனையில் எல்லா இழையிலும் 5 வாங்கிய சாயம் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கலாம். எல்லாவற்றிலும் தோற்ற சாயம் உடலுக்குத் தீங்கற்றதாக இருக்கலாம். அந்தச் சோதனைக்குத் துணியிலிருந்து சாயத்தைப் பிரித்து, ஒடுக்கவினைக்கு உட்படுத்தி, கருவியில் அளக்க வேண்டும். உரசலில் நிறம் ஒட்டுவதும் தனிச் சோதனைதான். அங்கே பட்டைக்கு வேலையில்லை, வெள்ளைப் பருத்தித் துணியைத்தான் கிராக்மீட்டரின் விரலில் சுற்றித் தேய்ப்பார்கள். உங்கள் வேட்டித் துண்டுக்கு அங்கே இடமுண்டு, அண்ணாச்சி.

வீரவநல்லூர்த்தறி எழுதியது:

ஒரு சேலையின் முந்தானை முனையில் கிளியரிங் செய்து பார்த்தோம். அண்ணாச்சி எச்சரித்தபடியே ஜரிகை வெளிறிவிட்டது; ஆனால் பட்டையில் அசிட்டேட் 4, நைலான் 4–5 என்று அக்கா இருக்கும் கூடத்தைப் போன்ற ஓரிடத்தில் எழுதித் தந்தார்கள். காரணம் இன்னதென்று உறுதியாகிவிட்டது. திரும்பி வந்த சேலைகளை நைலான், அசிட்டேட் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது என்று சீட்டு இணைத்து, விலை குறைத்து உள்ளூரிலேயே கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். இனி அரக்கு நூல் வாங்கும்போது, இழை எது, கிளியரிங் ஆயிற்றா என்ற இரண்டையும் பட்டியலில் எழுதித் தரச் சொல்லி, ஒவ்வொரு சாயத் தொகுதியிலிருந்தும் ஒரு சிட்டத்தைப் பட்டையோடு சோதித்த பிறகே பணம் கொடுப்பது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டாயிற்று. பட்டை விலை அதிகம் என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். கறைபடாத பட்டையை அலசி மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்.

பொருநைச்சோதனை எழுதியது:

வேண்டாம். ஒருமுறை துவைத்த பட்டையில் கம்பளி ஓரளவு சுருங்கியிருக்கும், பருத்தியின் மேற்பரப்பும் மாறியிருக்கும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கறையும் இருக்கலாம். செலவைக் குறைக்க வேண்டுமானால் முன்சோதனைக்கு மட்டும் ஆறு இழைகளும் இருக்குமாறு பட்டையை நீளவாட்டில் பாதியாக, 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, துணியையும் கரைசலையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளரிடம் காட்ட வேண்டிய சோதனைக்கு மட்டும் முழு அளவில் வையுங்கள். பயன்படுத்திய பட்டைகளைத் தொகுதி எண் எழுதி, வெளிச்சம் படாத உறையில் போட்டு வையுங்கள். அடுத்த நூல் வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும்.